நாளும் தெரியும், நேரமும் தெரியும்

பரீட்சையில் தவறித் தற்கொலையால் இறந்த ஒரு மாணவனைப் பற்றி, ரிசல்ட் வந்த அன்று சாயங்காலத்திலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவை நான் மறுபடியும் இங்கே எடுத்துப் போடப் போவதில்லை. என் நட்பு வட்டத்திலேயே நிறையப் பேர் பகிர்ந்துவிட்டீர்கள். "ஒரு பரீட்சையைத் தாங்க முடியாதவன் வாழ்க்கையில எதைத் தாங்குவான்" என்று அந்தப் பெரிய மனிதர் எழுத, கீழே வரிசையாகக் கைதட்டும் எமோஜிகள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இன்னும் காரியம்கூட முடியவில்லை. அவர்கள் கையிலும் போன் இருக்கிறது. அதை யாராவது ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். தாங்கும் சக்தி இல்லாததுதான் காரணம் என்றால், அந்தக் குறை வருஷம் முழுக்க ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்? தற்கொலைகள் அப்படி நடப்பதில்லை. அவற்றுக்கு மாதம் இருக்கிறது, கிழமை இருக்கிறது, நேரம்கூட இருக்கிறது.

ஜப்பானில் 1972 முதல் 2013 வரை தற்கொலையால் இறந்த 18 வயதுக்கு உட்பட்டவர்களின் கணக்கை அந்த நாட்டு அரசு தேதிவாரியாகப் பிரித்துப் பார்த்தது. வருஷத்தின் எல்லா நாட்களையும்விட அதிக இறப்பு செப்டம்பர் 1-ல். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் அது. அதற்கு முந்தின நாளும் மறுநாளும்கூட எண்ணிக்கை அதிகம்தான். ஜப்பான் பிள்ளைகள் எல்லாரும் செப்டம்பர் 1-ந் தேதி மட்டும் கோழைகளாகிவிடுகிறார்களா? அந்த நாளில் எதுவோ அவர்களை நெருக்குகிறது என்றுதானே அர்த்தம்?

குளிரும் இருட்டும் மனசை வாட்டும், அதனால் டிசம்பரில்தான் அதிகம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் டிசம்பர் பெரும்பாலும் மிகக் குறைவான மாதங்களில் ஒன்று. ஐரோப்பாவில் வசந்தமும் கோடையின் தொடக்கமும்தான் உச்சம் என்பது 19-ம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-ல் இதை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். காரணம் வெயிலா, உடம்பின் வேதியியலா, மனித நடமாட்டமா என்ற விவாதம் இன்றும் ஓடுகிறது. கிழமையை எடுத்துக்கொண்டால், 26 நாடுகளின் கணக்கைப் பார்த்து 2024-ல் வந்த ஆய்வு திங்கட்கிழமையைக் காட்டுகிறது. நேரம்? அந்தந்த நேரத்தில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நள்ளிரவு முதல் காலை 6 மணி வரைதான் ஆபத்து பல மடங்கு என்று 2016-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. தூக்கமில்லாமல் தனியாக விழித்திருக்கும் மனசு அந்த நேரத்தில் சரியாக யோசிப்பதில்லை.

எங்கள் வீட்டில் அந்த ராத்திரியை நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் என் அண்ணன் ப்ளஸ் டூவில் இயற்பியலில் தவறினான். மாலைப் பேப்பரில் அவன் நம்பர் இல்லை. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் கொடுமை. எதிர்வீட்டுக்காரர் வாசல்வரை வந்து "என்ன மார்க்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பாயி எப்போதும் திண்ணையில் படுப்பவர். அன்றைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்து அண்ணன் பக்கத்தில் விரித்தார். கால் குடைகிறது, தைலம் தேய் என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டார். அப்புறம் தூக்கம் வரவில்லை, ஏதாவது பேசு என்றார். நடுச்சாமத்தில் பழைய சோற்றைக் கரைத்து அவனையும் குடிக்க வைத்தார். காலையில் அம்மா கேட்டதற்கு, "விடிஞ்சா புத்தி தெளிஞ்சிரும். அதுவரைக்கும் பக்கத்துல ஆள் வேணும்ல" என்றார்.

புயல் வருகிறதென்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறோம், மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்கிறோம். ரிசல்ட் தேதியை அரசே முன்கூட்டி அறிவிக்கிறது. நாள் தெரியும், அன்றைய ராத்திரி எப்படி இருக்கும் என்றும் தெரியும். தெரிந்தும் என்ன செய்கிறோம்? பிள்ளையைத் திட்டித் தீர்த்துத் தனியறையில் விட்டுவிடுகிறோம். போனவனைக் கோழை என்று பதிவு போடுகிறோம்.

"நாங்கள்லாம் ஃபெயில் ஆகலையா, செத்தா போயிட்டோம்?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. செத்துப்போனவர்கள் இங்கே வந்து கமென்ட் போட முடியாது.

"இதைப் பற்றிப் பேசினாலே பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் வந்துவிடும்" என்று ஒரு அக்கா இன்பாக்ஸில் எழுதியிருந்தார். அவர் பயம் நியாயமானது. எப்படி நடந்தது என்று விவரித்து, படம் போட்டு, தியாகம் போல எழுதினால் அது நிச்சயம் ஆபத்து. செய்தி சேனல்கள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் வாடிப்போய் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் "செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டால் பல பிள்ளைகள் மனசு திறந்து பேசுவார்கள்.

இன்னொருவர், மாணவர்களை மட்டும் ஏன் பேசுகிறாய் என்கிறார். 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள், அதில் மாணவர்கள் 13,044. மற்றவர்களே மிக அதிகம், குறிப்பாகத் தினக்கூலிகள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு குடும்பத் தலைவனின் கடன் எந்தத் தேதியில் கழுத்தை நெரிக்கும் என்று எனக்குத் தெரியாது. ரிசல்ட் தேதி ஊருக்கே தெரியும்.

ஏதாவது செய்தால் பலன் உண்டு. அண்ணன் காலத்தில் தவறினால் அக்டோபர்வரை காத்திருக்க வேண்டும், ஒரு வருஷம் போச்சு. பிறகுதான் உடனடித் துணைத்தேர்வு வந்தது, அதே வருஷம் கல்லூரியில் சேரலாம் என்றானது. சென்னையில் 1986-ல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இதன் அவசியத்தைத் திரும்பத் திரும்பப் பேசியவர்கள். 2017-ல் அரசு முதல் மூன்று இடங்களை அறிவிப்பதையும் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் தனியார் பள்ளிகள் விட்டனவா? எங்கள் தெரு முனையில் இந்த வருஷமும் ஆளுயர ஃப்ளெக்ஸ், மார்க்கோடு பிள்ளைகள் முகம். அதைத் தாண்டித்தான் தவறிய பிள்ளையும் கடைக்குப் போய்வர வேண்டும். போதாக்குறைக்குச் சொந்தக்காரர்களின் போன். "எவ்வளவு வாங்கினான்?" வருஷம் முழுக்க அந்தப் பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்காத ஆட்களுக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு அக்கறை வருகிறது? இவர்களைத் தாங்குவதற்கா சக்தி வேண்டும் என்கிறீர்கள்?

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்களில் இரண்டு பேர் ஆசிரியர்கள்.

துணைத்தேர்வு முடிவும் வரும். அன்றைக்கு ராத்திரி பிள்ளையோடு ஒரே அறையில் படுங்கள். சாப்பாட்டுத் தட்டோடு மார்க்கைப் பற்றிய பேச்சு வேண்டாம். உங்களால் சமாளிக்க முடியவில்லை என்றாலும், இதைப் படிக்கும் உனக்கே பாரமாக இருந்தாலும், தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கோ, மனநல உதவி எண் 14416-க்கோ கூப்பிடலாம். இரண்டும் இலவசம், எந்த நேரமும் பேசலாம். அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மாட்டேன் என்பவர்கள் என்னை நட்பிலிருந்து நீக்கிக்கொள்ளலாம்.