சிம் இல்லாத டேப்ல மேப் ஓடாதா?

ப்ரோ, 'சிம் போடுற டேப் வாங்கலேன்னா வீட்ட விட்டு வெளிய போனா வெறும் ஸ்லேட்டு, மேப் கூட ஓடாது'ன்னு மேல போட்டிருக்கீங்களே, அது தப்பு. ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டாவே வேணாம், சிக்னல் நேரா சாட்டிலைட்ல இருந்து வருது, மேப்ப வீட்டு வைஃபைலயே டவுன்லோட் பண்ணி வெச்சிட்டா போதும். ஐபேடுக்கு மட்டும் நீங்க சொல்றது பாதி சரி, வைஃபை மாடல்ல ஜிபிஎஸ்ஸே கிடையாது, செல்லுலார்ல, அதாவது சிம் போடுற மாடல்ல தான் இருக்கு, ஆனா ஆண்ட்ராய்டுல நிறைய வைஃபை டேப்லயே வருது, ஸ்பெக் பாத்து வாங்குங்க. மத்ததுக்கு போன் ஹாட்ஸ்பாட் போதும்.

நான் தாம்பரம் டு பீச் டெய்லி ட்ரெயின்ல ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் டேப்ப ஓட்டுறேன், கிண்டி தாண்டுறதுக்குள்ள போன் பாக்கெட்ல சுடும், சார்ஜ் மளமளன்னு இறங்கும், அது வாஸ்தவம் தான். நாள் பூரா ஃபீல்டுல சுத்துறவங்க சிம் மாடல் வாங்கட்டும், வீட்ல பசங்க வீடியோ பாக்குறதுக்கு எதுக்குங்க தனி ரீசார்ஜ்?