வீட்டுச் சாவியோடு மின் ஆய்வு அறிக்கையும் கொடுங்கள்

குளியலறையில் கீசர் பாயிண்ட்டின் பிளேட்டைக் கழற்றிவிட்டு, எலெக்ட்ரீசியன் உள்ளே டார்ச் அடித்தார். "சார், இங்க வந்து பாருங்க."

சிவப்பு வயரும் கறுப்பு வயரும் திருகில் ஒழுங்காக முறுக்கப்பட்டிருந்தன. எர்த்துக்கான பச்சை வயர் மட்டும் எதிலும் சேரவில்லை. நுனியில் டேப் சுற்றி, மடித்து, பெட்டியின் மூலையில் செருகி வைத்திருந்தார்கள். தானாக அறுந்ததில்லை, யாரோ கழற்றி வைத்த வேலை. என்றைக்கோ பழைய கீசரில் மின்சாரம் கசிந்து அடிக்கடி ட்ரிப் ஆகியிருக்கும். கசிவைத் தேடுவதற்குப் பதிலாக எர்த்தைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். ட்ரிப் ஆவது நின்றிருக்கும், 'சரியாயிடுச்சு' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு கீசர் மாறியது. வயரை மட்டும் யாரும் திரும்பச் சேர்க்கவில்லை.

அது என் சொந்த வீடு. அந்தக் குளியலறையில் ஒன்பது வருடம் நானும் என் குடும்பமும் குளித்திருக்கிறோம். வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன்னால் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று கூப்பிட்டேனே தவிர, எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. எல்லா விளக்கும் எரிந்தது, எல்லா மின்விசிறியும் சுற்றியது. வீட்டைக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் இதை வைத்துத்தான் 'கரண்ட்டெல்லாம் பக்காவா இருக்கு' என்கிறோம். எர்த் வயருக்கு அன்றாடம் ஒரு வேலையும் கிடையாது. அது இல்லாமலே கீசர் சுடும், வாஷிங் மெஷின் ஓடும். மின்கசிவு வரும் நாளில், கசிவதை மண்ணுக்குக் கொண்டுபோகத்தான் அது தேவை. அன்றைக்கு அது இல்லையென்றால், அந்த வேலையைத் தொடுகிறவரின் உடம்பு செய்யும்.

இதை நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் வாடகை வீட்டில் இருந்தபோது, ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டால் அம்மாவுக்குச் 'சுர்'ரென்று இழுக்கும். ஹவுஸ் ஓனரிடம் சொன்னோம். "கீழ ஒரு பலகையைப் போட்டு நின்னுக்கோங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். கெட்ட மனிதர் இல்லை, உண்மையிலேயே அவ்வளவுதான் தீர்வு என்று நம்பினார். இரண்டாவது முறை சொன்னபோது முகம் மாறியது. மூன்றாவது முறை நாங்கள் சொல்லவில்லை. காலி செய்யச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். அம்மா பலகையின் மேல் நின்றே இரண்டு வருடம் துணி துவைத்தார். அந்தப் பலகையை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

என் வாதம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. குடியிருப்பவருக்கு ஆபத்து தெரியும், சுவரைத் திறக்கும் உரிமை கிடையாது. வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு, ஆனால் அவர் அந்த வீட்டில் குளிப்பதில்லை. இருவருக்கும் நடுவில் பச்சை வயர் மூலையில் கிடக்கிறது. 'ஏதாவது பிரச்சினைன்னா சொல்லுங்க, பார்த்துக்கலாம்' என்பது மின்சாரத்துக்குப் பொருந்தாத பேச்சு. குழாய் ஒழுகினால் சொல்லலாம். எர்த் இல்லாததை யார் உணர்ந்து யாரிடம் சொல்வது? யாரும் கேட்காமலே ஆய்வு நடக்க வேண்டும், அதன் அறிக்கை குடியிருப்பவரின் கைக்கு வர வேண்டும்.

'மெயின் போர்டுலதான் ட்ரிப்பர் இருக்கே' என்று உடனே ஒரு பதில் வரும். போர்டைத் திறந்தால் பெரும்பாலும் எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழும் சுவிட்ச், மட்டும்தான் இருக்கும். எம்சிபி காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்சிபி என்றால் அதற்கு மேல் மின்னோட்டம் ஏறினால்தான் அது அசையும். ஒரு மனிதனுக்கு எவ்வளவு போதும் தெரியுமா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்கிற பேராசிரியர் இதற்காகவே ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். கை இறுகிப்போய், பிடித்த கம்பியை விட முடியாமல் போகும் அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு அதைவிடக் குறைவு, 10.5 என்று கண்டார். மில்லி ஆம்பியர், கவனியுங்கள். எம்சிபி காத்திருப்பது அதைப்போல ஆயிரம் மடங்குக்கு. ஈரமான உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயம் தாறுமாறாகத் துடித்து நிற்க அது தாராளமாகப் போதும். எம்சிபியைப் பொறுத்தவரை அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான்.

உயிரைக் காப்பது ஆர்சிடி. கடையில் ஆர்சிசிபி என்று கேட்டால் கொடுப்பார்கள். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழிதவறிப் போனாலே 0.3 வினாடிக்குள் துண்டித்துவிட வேண்டும், கசிவு அதிகமானால் இன்னும் வேகமாக. டால்சியல் 1961இல் இந்த வகைக் கருவி ஒன்றை உருவாக்கினார். அறுபது வருடத்துக்கும் மேல் ஆன விஷயம். இன்னமும் எத்தனை வாடகை வீடுகளில் அது இல்லை!

ஆர்சிடி இருக்கிறது என்றாலும், அது வேலை செய்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் படக்கென்று விழ வேண்டும். வருடக்கணக்கில் அழுத்தாமல் விட்டதில் உள்ளே இறுகிப்போனவை உண்டு. ஒன்று கவனிக்க வேண்டும்: அந்தப் பட்டன் கருவியைத்தான் சோதிக்கிறது, எர்த்தை அல்ல. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் பட்டனை அழுத்தினால் விழும். பட்டன் விழுந்ததைக் காட்டி 'செக் பண்ணியாச்சு' என்றால் நம்ப வேண்டாம்.

ஆய்வு என்று நான் சொல்வது டெஸ்டரைச் செருகி லைட் எரிகிறதா என்று பார்ப்பதை அல்ல. என் வீட்டில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனது. மெயினை அணைத்துவிட்டு, 500 வோல்ட் மெகர் என்கிற கருவியில் வயர்களின் காப்புத் தடையை, அதாவது மேலுறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்பதைப் பார்த்தார். ஒவ்வொரு பிளக்கிலிருந்தும் எர்த் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு அறைகளில் சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருந்தது தெரியவந்தது. சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், பல்பு மாற்றுகிறவர் கையை வைப்பார். நானே அங்கே பல்பு மாற்றியிருக்கிறேன். பிறகு மெயினைப் போட்டு, ஆர்சிடி எத்தனை மில்லி வினாடியில் விழுகிறது என்று கருவியில் அளந்து எழுதினார்.

சமையலறை சாக்கெட் ஒன்றில் லூஸ் கனெக்ஷன், பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. அரை ஓம் தடையுள்ள இணைப்பில் 10 ஆம்பியர் போனால், அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு. மின்னோட்டம் கூடாததால் எம்சிபிக்கு ஒன்றும் தெரியாது. தீ இப்படித்தான் சத்தமில்லாமல் ஆரம்பிக்கிறது.

இன்னொரு ஏமாற்று வேலையையும் சொல்லிவிடுகிறேன். எர்த் வயர் வராத சாக்கெட்டில், பின்பக்கம் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். மூன்று விளக்கு கொண்ட சாக்கெட் டெஸ்டரைச் செருகினால் 'எல்லாம் சரி' என்று காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்தால், சாதனத்தின் உலோக உடம்பு முழுக்கப் பேஸ் வந்துவிடும். பிளேட்டைக் கழற்றிப் பார்க்காத ஆய்வு ஆய்வே இல்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு: இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு 2020இல் இதற்கென்றே விதிமுறை வந்தது. புதிய வாடகைகளுக்கு 2020 ஜூலை 1 முதல், ஏற்கெனவே இருந்தவற்றுக்கு 2021 ஏப்ரல் 1 முதல். குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் ஆய்வு செய்ய வேண்டும். ஏற்கெனவே இருப்பவருக்கு 28 நாளில் அறிக்கை போக வேண்டும், புதிதாக வருபவருக்குக் குடியேறும் முன்பே. ஆபத்தான குறைகளை 28 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், அறிக்கை இன்னும் குறைவான கெடு சொன்னால் அதற்குள். ஸ்காட்லாந்து 2015இலேயே தொடங்கிவிட்டது. அந்த அறிக்கைகளில் எனக்குப் பிடித்தது குறைகளைத் தரம்பிரிக்கும் முறை. சி1 என்றால் இப்போதே ஆபத்து, சி2 என்றால் ஆபத்தாகக்கூடியது, சி3 மேம்படுத்தினால் நல்லது. என் பச்சை வயரை எந்தத் தரத்தில் போட்டாலும் யாரும் அதைச் சின்ன விஷயம் என்று தள்ளியிருக்க முடியாது.

ஐந்து வருடம் என்பதுகூட எனக்குப் போதாது. ஆள் மாறும்போதெல்லாம் எர்த்தையும் ஆர்சிடியையும் மட்டுமாவது பார்த்துவிட வேண்டும். குடியிருப்பவர்கள்தானே கண்டபடி மாட்டிக் கெடுக்கிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் சொல்வது முழுப் பொய்யில்லை. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். அதற்கும் ஆய்வுதானே வழி? உள்ளே வரும்போது எப்படி இருந்தது, போகும்போது எப்படி இருக்கிறது என்று எழுத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் சண்டை மிச்சம்.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். பெயிண்ட் அடிக்காமல் யாரும் வீட்டைக் காட்டுவதில்லை, அதற்கு ஆகும் செலவை யோசிப்பதும் இல்லை. எனக்கு ஆய்வுக்கூலியைவிடப் பழுதுபார்த்ததற்குத்தான் அதிகம் செலவானது. அந்தப் பழுதுகள் ஆய்வுக்கு முன்பும் அங்கேதான் இருந்தன.

குடிவந்த தம்பதிக்குச் சாவியோடு அறிக்கையின் நகலையும் கொடுத்தேன். அந்தப் பெண் வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, "இங்க கீசர்ல எர்த் இல்லைன்னு எழுதியிருக்கே, சரி பண்ணிட்டீங்களா சார்?" என்று கேட்டார். குளியலறைக்குக் கூட்டிப்போய், புதுப் பிளேட்டைக் கழற்றி, திருகில் முறுக்கிய பச்சை வயரைக் காட்டினேன். மெயின் போர்டுக் கதவின் உட்பக்கம் அடுத்த ஆய்வுத் தேதியை ஒட்டிவைத்திருக்கிறேன். அந்தத் தேதிக்கு நான் வராவிட்டால் எனக்கு போன் போடச் சொல்லியிருக்கிறேன்.