கையெழுத்து வாங்கிவிட்டால் பயிற்சி முடிந்ததா?

தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் சைட்டில் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கிறது, வேலை தொடங்குவதற்கு முன்னால் பாதுகாப்பைப் பற்றிச் சொல்கிற கூட்டம். ஸ்டோர் பார்த்துக்கொள்கிறவர்தான் சேஃப்டி சூப்பர்வைசரும். அவர் ஒரு தாளை எடுத்து மலையாளத்தில் நாலு வரி வாசிக்கிறார். எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள். மீதியில் பெரும்பாலும் எங்கள் தமிழ் ஆட்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துக்காரர்கள், அப்புறம் பொள்ளாச்சி, ஆனைமலையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி பாலக்காட்டுக்கு வருகிறவர்கள். வாசித்து முடிந்ததும் ரெஜிஸ்டர் கைமாறும். கையெழுத்துப் போடு. போடத் தெரியாதா, பெருவிரலை வை. எல்லோருக்கும் ஹெல்மெட் மாட்டிவிட்டு ஒரு போட்டோ. அது வாட்ஸப்பில் கம்பெனி ஆபீசுக்குப் போய்ச் சேரும். அன்றைய பாதுகாப்புப் பயிற்சி முடிந்ததாக அங்கே ஏறிவிடும்.

என்ன பயிற்சி முடிந்தது? யாருக்கு என்ன புரிந்தது என்று ஒருத்தராவது கேட்டார்களா? வயிறு எரிகிறது எனக்கு.

நான் சென்ட்ரிங் மேஸ்திரி. பலகை அடிப்பது, முட்டு கொடுப்பது, காஸ்டிங், அதாவது கான்கிரீட் போடுவது, முடிந்து நாள் கழித்து அதையெல்லாம் பிரிப்பது, இதுதான் என் கூட்டத்தின் வேலை. கட்டட வேலையிலேயே ஆளைக் கொல்லக்கூடிய வேலைகளில் ஒன்று இந்தப் பிரிப்பு வேலை. ஆனால் எந்த சைட்டிலும் அதற்கு அனுப்பப்படுகிறவன் யார் தெரியுமா? போன வாரம் வந்து சேர்ந்த பையன். கூலி குறைவு, சுமப்பான், எதிர்த்துப் பேசமாட்டான். அவன் தலைக்கு மேலே என்ன நிற்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நான் சொல்கிறேன் என்ன நிற்கிறது என்று. ஒரு கன மீட்டர் கம்பி போட்ட கான்கிரீட் இரண்டரை டன். பத்துக்குப் பத்து அறைக்கு ஆறு அங்குலத் தளம் போட்டால் மூன்றரை டன். மேல் மாடிக்கு காஸ்டிங் நடந்தால் அந்த ஈரக் கான்கிரீட்டின் எடையும் முட்டு வழியாக இறங்கி இந்தத் தளத்தின் மேல்தான் உட்காரும். முட்டை எந்த வரிசையில் எடுப்பது என்பதற்கு முறை இருக்கிறது. இரண்டு பக்கமும் பீம் தாங்குகிற தளம் என்றால் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போகவேண்டும். பால்கனி, சன்ஷேடு மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு உள்ளது என்றால் வெளி நுனியிலிருந்து தொடங்கி சுவரைப் பார்த்து வரவேண்டும். மாற்றி எடுத்தால் தளம் எதற்காகக் கம்பி கட்டப்பட்டதோ அதற்கு நேர்மாறாகப் பாரம் விழும். இதை அந்தப் பையனுக்கு ஒரு குச்சியை வைத்துக் காட்டிச் சொல்லித்தர கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரம் இந்தக் கம்பெனிக்குக் கிடைக்கவில்லை. போட்டோவுக்குக் கிடைக்கிறது.

எத்தனை நாள் கழித்துப் பிரிப்பது என்பதும் மேஸ்திரியின் பிடிவாதம் இல்லை, ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலையிலேயே இருக்கிறது. சாதாரண சிமென்ட் என்றால் நாலரை மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்கவேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள். பீம் ஆறு மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். ஐந்து மீட்டர் தளம், ஒன்பதாவது நாள், இன்ஜினியர் வந்து, "மேஸ்திரி, ஜாக்கி பத்தலை, மேல் மாடிக்கு வேணும், பிரிச்சுடுங்க" என்கிறார். முட்டுக்கு நிறுத்துகிற இரும்புக் கம்பத்தைத்தான் ஜாக்கி என்கிறோம். "சார், இன்னும் அஞ்சு நாள் நிக்கணும் சார்" என்றேன். "கன்சல்டன்ட் ஓகே சொல்லியாச்சு." "அப்படின்னா எழுதிக் கொடுங்க சார்." அதோடு அவர் முகம் மாறிவிட்டது. என் மகன் வயசு அவருக்கு. "வேலை வேணுமா வேண்டாமா உங்களுக்கு?" என்று ஆட்கள் முன்னாலேயே கேட்டார். நான் பிரிக்கவில்லை. மறுநாள் வேறு கூட்டத்தை வைத்துப் பிரித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நாள் கணக்கும் தெரியாது, கேட்கவும் தைரியம் கிடையாது. தளம் இறங்கவில்லை என்பது வேறு விஷயம். இறங்கவில்லை என்பதால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிட்டது பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "அன்னிக்குப் பயமுறுத்தினீங்களே, என்ன ஆச்சு?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

சைட்டில் பாதுகாப்பு கெடுவது இந்த இடத்தில்தான். ஹெல்மெட் இல்லாமல் கெடுவது அப்புறம். ஆபத்து என்று வாய் திறந்தவனுக்கு மறுநாள் "ஆள் போதும்" என்று சொன்னால், அடுத்தவன் கண்ணால் பார்த்தாலும் சொல்லமாட்டான். சாரத்தில் குழாயைப் பிடிக்கிற கிளாம்ப் லூசாக இருப்பதை முதலில் பார்ப்பவன் அதில் ஏறுகிறவன்தான். இன்ஜினியர் இல்லை, கொச்சியில் உட்கார்ந்திருக்கிற மேனேஜரும் இல்லை. அவன் வாயை அடைத்துவிட்டு நூறு போர்டு மாட்டி என்ன பிரயோஜனம்?

பொறுப்பு யாருடையது என்று கேட்டால் இன்னும் மோசம். கம்பெனி ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுக்கிறது, அவர் சப் கான்ட்ராக்டருக்கு, அவர் மேஸ்திரிக்கு. கம்பெனியைக் கேட்டால் "அது கான்ட்ராக்டர் ஆள்" என்கிறார்கள். கான்ட்ராக்டரைக் கேட்டால் "மேஸ்திரி கூட்டிவந்த ஆள்". அப்படியானால் கட்டடம் யாருடையது? விற்கும்போது மட்டும் பெயர்ப்பலகையில் கம்பெனி பெயர் இருக்கிறதே.

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கொடுத்திருப்பது இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட். அதோடு விழுந்தால் மொத்த வேகமும் இடுப்பிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், நெஞ்சு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கிற முழு உடல் பெல்ட் வேண்டும், அதில் இரண்டு கொக்கி இருக்கவேண்டும். ஒன்றைக் கழற்றி மாற்றும்போது மற்றது மாட்டியே இருக்கும். கொக்கியை தலைக்கு மேலே, சாரத்தோடு சம்பந்தமில்லாத உறுதியான இடத்தில் மாட்டவேண்டும். எங்கள் சைட்டில் எதில் மாட்டச் சொல்கிறார்கள்? நிற்கிற அதே சாரத்துக் குழாயில். சாரம் சரிந்தால் ஆளையும் சேர்த்துத்தானே இழுத்துக்கொண்டு போகும்? இதை நான் கேட்டபோது சேஃப்டி சூப்பர்வைசருக்கே பதில் தெரியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்டோர் கணக்கு எழுத வந்த மனிதரை யாராவது பயிற்சிக்கு அனுப்பியிருந்தால்தானே தெரியும்.

பாலக்காட்டுக் காற்றைப் பற்றி, தினமும் காலையில் வாசிக்கிற அந்தத் தாளில் ஒரு வார்த்தை கிடையாது. கணவாய் வழியாக ஆடி மாதத்தில் அடிக்கிற காற்று தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருப்பதே அதை நம்பித்தான். ஆறாவது மாடியில் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவனை அந்தக் காற்று பாய்மரம் மாதிரி இழுக்கும். காற்று எவ்வளவு அடித்தால் பலகை வேலையை நிறுத்தவேண்டும், யார் நிறுத்தச் சொல்லவேண்டும்? எங்களுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

வெயிலும் அப்படித்தான். கோடை வந்தால் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை செய்ய வைக்கக்கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை வருஷாவருஷம் உத்தரவு போடுகிறது. மாநிலத்திலேயே அதிகம் கொளுத்துகிற ஊர்களில் இதுவும் ஒன்று. கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவருகிற ரெடிமிக்ஸ் லாரி வாசலில் வந்து நின்றுவிட்டால் அந்த உத்தரவு காற்றில் போகிறது. சித்தாள் பெண்கள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, ஏனென்றால் அவர்களுக்குக் கக்கூஸ் இல்லை. அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் சட்டி சுமக்கிற அக்காமார்களைப் பார்த்துக்கொண்டு எப்படித்தான் ஏசி கேபினில் உட்கார்ந்திருக்கிறார்களோ.

2022 மார்ச்சில் கொச்சிப் பக்கத்துக் களமசேரியில் கட்டட வேலைக்குக் குழி எடுக்கும்போது மண் சரிந்து வங்காளத்துத் தொழிலாளர்கள் நாலு பேர் செத்தார்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. நெஞ்சு வரை மூடினாலே மூச்சு விட முடியாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கவாட்டில் பலகை கொடுத்து முட்டு கொடுக்கவேண்டும், எடுத்த மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்கக்கூடாது. அந்தச் செய்தி வந்த வாரம் எல்லா சைட்டிலும் ஒரே பரபரப்பு. இப்போது எங்கள் சைட்டில் செப்டிக் டேங்குக்குக் குழி எடுத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், ஒரு பலகைகூட இல்லை, மண் முழுக்க விளிம்பில். மேலே மழை வேறு.

அடிபட்டால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் வங்காளத்து முர்ஷிதாபாத் பையன் ஒருத்தன் தோளில் ஜாக்கி விழுந்தது. தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லிச் சேர்த்தார்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வரமுடியாத அளவு அடிபட்டால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்த விஷயம் அது. தெரிவித்தால் விசாரணை வரும், அதனால் பைக். பையனுக்கு பைக் ஓட்டவே தெரியாது. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ரயில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் அவனைப் பற்றி சைட்டில் பேச்சு என்ன தெரியுமா? "கவனமில்லாத பயல்." முந்தின நாள் அவனுக்கும் பயிற்சி கொடுத்ததாக ரெஜிஸ்டரில் அவன் பெருவிரல் இருக்கிறதே, அது போதுமே அவர்களுக்கு. அந்த ரெஜிஸ்டர் எங்களைக் காப்பாற்ற இல்லை. எங்கள்மேல் பழி போடுவதற்காக எங்களிடமே வாங்கி வைக்கிற சாட்சி அது.

மொழி விஷயத்தில் எனக்கு இருக்கிற ஆத்திரம் தனி. நான் கேரளத்தில் பிறந்தவன், பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காக்காரன், மலையாளம் நன்றாகவே பேசுவேன். ஆனால் ஆனைமலையிலிருந்து வருகிறவனுக்கு என்ன தெரியும்? இந்த மாநிலத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ்ச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் வாங்கலாம் என்று இருக்கிறது. அரசாங்கத்தால் முடிவது ஒரு கம்பெனியால் முடியாதா? 2017ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது, வேலைக்குச் சேரும்போதே தொழிலாளியின் நஷ்டஈட்டு உரிமையை அவனுக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் சொல்லவேண்டும் என்று. ஆனால் அதிலும் ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்று மூன்றுதான். பாலக்காட்டில் வேலை செய்கிற பொள்ளாச்சிக்காரனும் வங்காளியும் சட்டம் எழுதியவர்கள் கண்ணிலேயே படவில்லை. சரி, சட்டம் சொல்லாவிட்டால் என்ன, மனசாட்சி சொல்லாதா? தமிழும் வங்காளமும் தெரிந்த ஆள் இதே சைட்டில் இருக்கிறான். எங்கள் கம்பி கட்டுகிற பையன் ஒருத்தனுக்கு இரண்டும் வரும். அவனை நிறுத்திச் சொல்லவைக்க ஐந்து பைசா செலவு உண்டா?

பாதுகாப்பு அதிகாரி வைத்தால் என்ன என்றால் "நமக்குக் கட்டாயம் இல்லை" என்கிறார்கள். உண்மைதான். 1996 சட்டத்தில் 500 பேர் வேலை செய்தால்தான் கட்டாயம் என்று இருந்தது. 2020ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 250 ஆக இறக்கியது. எங்களை மாதிரி நூறு பேர்கூட இல்லாத சைட்டுக்கு அப்போதும் கிடையாது. நூறு பேர்கூட இல்லாத கட்டடத்தில் விழுந்தால் மட்டும் எலும்பு உடையாதா?

"கேரளாவில்தான் கூலி அதிகமாகக் கொடுக்கிறோமே" என்று ஒருத்தர் என்னிடமே சொன்னார். கொடுக்கிறீர்கள். ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்கில் இங்கே கட்டடத் தொழிலாளியின் நாள்கூலி 850 ரூபாய்க்கு மேல், நாட்டின் சராசரி 400ஐக்கூடத் தொடவில்லை. அதற்காகத்தான் எல்லை தாண்டி வருகிறோம். அந்தப் பணம் எங்கள் உழைப்புக்கு. உயிருக்கும் சேர்த்து விலை பேசிய மாதிரி பேசாதீர்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. புது ஆள் வந்தால் முதல் நாள் மேலே ஏற்றாதீர்கள், கூலி பிடிக்காமல் ஒரு நாள் கீழே வைத்து, அவன் மொழியில், பொருளைக் கையில் கொடுத்துச் சொல்லித்தாருங்கள். சொன்னதை அவனையே செய்துகாட்டச் சொல்லுங்கள். அதற்கப்புறம் கையெழுத்து வாங்குங்கள். முட்டு பிரிக்கிற நாளை போர்டில் எழுதுங்கள், முந்திப் பிரிக்கவேண்டும் என்றால் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு எழுதித் தரட்டும். எங்களிடம் மட்டும்தானா தினமும் கையெழுத்து?

அடுத்த வாரம் ஏழாவது மாடித் தளத்துக்குப் பலகை ஏறவேண்டும். முழு உடல் பெல்ட் வரவேண்டும், கொக்கி மாட்ட மேலே தனியாகக் கயிறு கட்டவேண்டும், அந்தக் கம்பி கட்டுகிற பையனை நிறுத்தி இரண்டு மொழியிலும் சொல்லவேண்டும், செப்டிக் குழிக்குப் பலகை கொடுக்கவேண்டும். இது நடக்காமல் என் ஆட்களில் ஒருத்தரும் மேலே ஏறமாட்டார்கள் என்று இன்ஜினியரிடமும் கான்ட்ராக்டரிடமும் நேரில் சொல்லிவிட்டேன், வாட்ஸப்பில் எழுதியும் போட்டிருக்கிறேன். வேறு கூட்டத்தைக் கூப்பிடுவோம் என்கிறார்கள். கூப்பிடட்டும். பொள்ளாச்சியிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் இந்தப் பக்கம் ஆள் கூட்டிவருகிற மேஸ்திரிகளுக்கெல்லாம் நானே போன் போட்டு அந்தக் குழியையும் அந்தப் பெல்ட்டையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.