ஹெர்குலிஸ் என்றாலே வெள்ளைக்காரர் காலத்துச் சைக்கிளா?

"வீட்டில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் சைக்கிள் கிடக்கிறதா? அது 1947க்கு முன் இங்கிலாந்தில் செய்தது, பல லட்சம் பெறும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

பெயர்கள் பர்மிங்காமில் பிறந்தவைதான். ஆனால் முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்துடன் கூட்டாக 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அதன் பிறகு இதே பெயர்களில் சைக்கிள்கள் சென்னை அம்பத்தூரிலேயே தயாராயின. தாத்தா ஓட்டியது அந்த ரகமாகவும் இருக்கலாம்.

பெயரை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள சின்னத்தில் ஊர்ப் பெயர் இருக்கிறதா? பின்சக்கரத்தின் நடுப்பகுதி (ஹப்) ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் மூன்று கியர் ஹப் என்றால் வேலை எளிது: அதன் உறையில் பெரும்பாலும் ஆண்டும் மாதமும் பொறித்திருக்கும். '52 7' என்றால் 1952 ஜூலை. அதுவும் ஹப்பின் வயதுதான். சக்கரம் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். ஸ்டர்மி ஆர்ச்சர் வரலாற்று இணையதளத்திலும், பிரிட்டனின் வெட்டரன் சைக்கிள் கிளப்பிடமும் சரிபார்க்கலாம்.

பொறித்த எண்ணைத் தேடி உப்புத்தாள் போடாதீர்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியே போதும். பழைய பெயின்ட் போனால் சேகரிப்பவர் தரும் விலையும் போய்விடும்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.