சாண்டொரினிக்குப் போகாமல் வந்த கதை

கல்யாணமாகி 25 வருடம் ஆனதற்காகக் கிரேக்கத் தீவுகளில் ஒரு வாரம் பாய்மரப் படகில் சுற்றிவிட்டு வந்தோம். போட்டோ போட்ட நாளிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி: "சாண்டொரினி எப்படி இருந்தது?" போகவே இல்லை. அந்த ஒரு வாரத்தில் நடந்த நல்ல காரியமே அதுதான் என்பது என் கட்சி. இவர் கட்சி வேறு.

முதலில், அந்தப் படங்களில் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடுக்கடலில் கணவனும் மனைவியும் மட்டும், கையில் ஒயின், பின்னால் அஸ்தமனம். சரி, படத்தை எடுத்தது யார்? மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். கிரேக்கத்தில் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவதென்றால் அதற்கான சான்றிதழ் வேண்டும். கூடவே கடல் பழக்கமுள்ள இன்னொருவரும் வேண்டும். எங்களிடம் இருந்தது கார் லைசென்ஸ். ஆகவே படகை ஓட்ட ஒரு ஸ்கிப்பர். அவருக்கும் படகிலேயே படுக்கை, நம் செலவில் சாப்பாடு. 38 அடிப் படகில் ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகை. யார் குறட்டை விடுகிறார் என்பது ஊரறிந்த விஷயமாகிவிடும். கழிப்பறையில் காகிதம் போடக் கூடாது, கையால் பம்ப் அடிக்க வேண்டும். குளியலும் அளந்துதான். இதையெல்லாம் யாரும் போஸ்ட் போடுவதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஏதென்ஸில், படகுகளைக் கட்டி வைக்கும் அலிமோஸ் மரினாவில் ஏறினோம். ஏறியதும் இவர் ஒரு தாளை நீட்டினார்: கீத்னோஸ், பாரோஸ், மைக்கோனோஸ், சாண்டொரினி, மறுபடி ஏதென்ஸ். ஸ்கிப்பர் தாளை வாங்கவே இல்லை. போனில் காற்று வரைபடத்தைத் திறந்து காட்டினார். இந்தத் தீவுகள் இருக்கும் ஈஜியன் கடல் முழுக்கச் சிவப்பு, அதாவது பலத்த காற்று.

அதற்குப் பெயர் மெல்டெமி. கோடை முழுக்க, முக்கியமாக ஜூலையிலும் ஆகஸ்டிலும், வடக்கிலிருந்து அடிக்கும் காற்று. நம் வாடை குளிரோடு வரும். இது கொளுத்தும் வெயிலில், ஒரு துண்டு மேகம்கூட இல்லாத வானத்தில் வரும். அதனால் கரையில் நிற்பவருக்கு ஆபத்தே தெரியாது. பலத்து அடித்தால் பெரிய ஃபெரிகளே துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். சாண்டொரினி தெற்கே இருப்பதால் போவது சுலபம், காற்று முதுகில் தள்ளும். திரும்புவதுதான் வினை. பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. 45 பாகை அளவுக்குச் சாய்ந்து, இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் முன்னேற வேண்டும். ஏதென்ஸிலிருந்து சாண்டொரினி ஏறக்குறைய 120 கடல் மைல். படகின் வேகம் மணிக்கு ஐந்தாறு கடல் மைல். வெள்ளிக்கிழமை மாலைக்குள் படகை மரினாவில் விட வேண்டும் என்று நாங்கள் கையெழுத்துப் போட்டிருந்தோம், காற்று போடவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தாலும், எரிமலை உள்ளே சரிந்து உண்டான அந்தக் குடா சில இடங்களில் 400 மீட்டரை நெருங்கும் ஆழம். நங்கூரம் எங்கே போடுவது?

எனக்குக் கோபம் காற்றின் மேல் இல்லை. "ஏழு நாள், ஐந்து தீவு, சாண்டொரினி அஸ்தமனம்" என்று ஜூலைக் கடைசியில் தள்ளிவிட்ட ஏஜென்ட் மேல்தான். இந்தக் காற்றுக்குப் பழைய கிரேக்கர்கள் வைத்த பெயருக்கே வருஷா வருஷம் வருவது என்றுதான் அர்த்தம். விற்றவருக்கு மட்டும் தெரியாதா?

இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். படகு நிலத்தின் அணைப்பில் இருக்கும் சரோனிக் தீவுகள் பக்கம் திரும்பியது. எய்கினாவில் பிஸ்தா வாங்கினோம். போரோஸில், ஒரு பக்கம் தீவு, மறுபக்கம் பெருநிலம், நடுவே ஒரு குறுகிய கால்வாய். இரண்டு கரையின் பேச்சும் காதில் விழுகிற மாதிரி இருந்தது. அங்கேதான் இவர் முதலில் சிரித்தார்.

ஹைட்ராவில் அந்தச் சிரிப்பு போனது. அந்தத் தீவில் காரும் கிடையாது, பைக்கும் கிடையாது. பெட்டி படுக்கையைக் கோவேறு கழுதைகள்தான் சுமக்கின்றன. துறைமுகம் கையளவு. கரையிலிருந்து தள்ளி நங்கூரத்தை இறக்கிவிட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே படகைப் பின்னோக்கிக் கொண்டுபோய்க் கரையில் கட்ட வேண்டும். நம் மீனவர்கள் அணியம் என்பார்களே, அந்த முன்முனையில் நான், சங்கிலிப் பொத்தானோடு. பின்னால் இவர், கயிறோடு. நடுவில் ஸ்கிப்பர். "விடு" என்கிறார் இவர், "நிறுத்து" என்கிறார் ஸ்கிப்பர், பக்கத்துப் படகில் ஒரு பிரெஞ்சு அம்மாள் ஏதோ கத்துகிறார். கரையில் காபி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் நாங்கள்தான் அன்றைய நாடகம். 25 வருடத்துப் பழைய கணக்குகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தன. என் தம்பி கல்யாணத்துக்கு இவர் லேட்டாக வந்தது உட்பட. மறுநாள் காலையில் நங்கூரத்தைத் தூக்கினால், கூடவே இன்னும் இரண்டு படகுகளின் சங்கிலி. ஸ்கிப்பர் அலட்டிக்கொள்ளவில்லை. "இங்கே தினமும் இதுதான்" என்றார். அப்புறம் எங்கள் இருவருக்கும் நான்கே நான்கு கைச்சைகை சொல்லிக்கொடுத்தார். வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் நிபந்தனை.

ஸ்பெட்செஸில் லாஸ்கரினா புபுலினாவின் சிலை இருக்கிறது. கணவர்கள் இருவரையும் கடலில் பறிகொடுத்தவர். சொந்தப் பணத்தில் அகமெம்னோன் என்ற போர்க்கப்பலைக் கட்டி, 1821 கிரேக்க விடுதலைப் போரில் தானே நடத்திச் சென்றவர். அந்த அம்மாளுக்குச் சங்கிலியை எப்போது நிறுத்த வேண்டும் என்று பின்னாலிருந்து யாராவது கத்தியிருப்பார்களா என்று இவரைக் கேட்டேன். பதில் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் கயிறை என்னிடம் கொடுத்துவிட்டு, இவர் போய் அணியத்தில் நின்றுகொண்டார்.

என்னைக் கேட்டால், ஒரு வாரம்தான் லீவு என்றால் சைக்ளடீஸை, அதாவது சாண்டொரினியும் மைக்கோனோஸும் இருக்கும் அந்தத் தீவுக் கூட்டத்தை, மறந்துவிடுங்கள். சரோனிக் பக்கம் போங்கள், இல்லையென்றால் மேற்கே காற்று தணிந்த அயோனியன் தீவுகளுக்கு. சைக்ளடீஸ்தான் வேண்டுமென்றால் இரண்டு வாரம் எடுங்கள், மே, ஜூனில் போங்கள். தாளில் தீவுப் பெயர் எழுதாதீர்கள்.

சாண்டொரினிக்கு ஃபெரி இருக்கிறது என்று இவர் நேற்று கண்டுபிடித்திருக்கிறார். டிக்கெட் விலையும் பார்த்துவிட்டாராம். இந்தத் தடவை ஒரே ஒரு தீவுதான் என்று சத்தியம் செய்கிறார்.