எங்கள் படகுகளுக்கு எப்போதும் 11ஆம் எண் கூண்டுதான்

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த விவாத நிகழ்ச்சியின் துண்டுக் காணொளியை இதுவரை 17 பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் நான்கு பேர் சொந்தக்காரர்கள். எதைச் சொல்கிறேன் என்று தெரியாதவர்கள் பாக்கியசாலிகள், அப்படியே கடந்து போங்கள். மற்றவர்களுக்கு: ஆமாம், அதேதான். நீலச் சட்டைக்காரர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, மீனவர்களைப் பற்றி, "ரெட் அலர்ட் கொடுத்த பிறகும் கடலுக்குப் போறான்னா அது பேராசை சார், அவனை ஆண்டவனாலயும் காப்பாத்த முடியாது" என்றாரே, அது. நெறியாளர் சிரித்தார். நம் நண்பர்கள் சிலர் அதற்கு இதயம் போட்டிருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை. பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்றுதான். எச்சரிக்கையை மீறிப் போவது வேறு. எச்சரிக்கை வருவதற்கு முன்பே போயிருப்பது வேறு. "மீனவர்கள் ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று நீங்கள் டிவியில் பார்க்கும்போது, அந்த ஆழ்கடலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறான். அவனிடம் டிவி இல்லை.

ஒக்கிப் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 29 முற்பகலில் அது இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டி ஒரு தாழ்வு மண்டலம். மறுநாள் காலை எட்டரைக்கு, கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், புயல். நடுவில் ஒரே நாள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துத் தங்கல் படகுகள் பலவும் அதற்கு எத்தனையோ நாள் முன்பே கிளம்பியவை. ஐஸ், அரிசி, டீசல், குடிதண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு சுறாவும் சூரையும் தேடிப் போனால் முப்பது, நாற்பது நாள் கழித்துத்தான் கரை. அன்றைக்கு அந்தப் படகுகளில் இருந்த விஎச்எஃப் ரேடியோ கருவியில் பக்கத்துப் படகோடு பேசலாம், கரையோடு பேச முடியாது. செல்போன் சிக்னல் கரை கண்ணை விட்டு மறைந்த கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடும்.

சரி, எப்படியோ தகவல் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 150 கடல் மைலில் நிற்கிற படகு, மணிக்கு 7 கடல் மைல் வேகத்தில், 21 மணி நேரம் ஓடினால்தான் கரை. அதுவும் கடல் அமைதியாக இருந்தால். அந்தப் பக்கம் தாழ்வு மண்டலம் புயலாக ஆனதே ஏறத்தாழ அவ்வளவு நேரத்தில்தான். பேராசைக்காரன் இதில் எந்த மணி நேரத்தில் பேராசைப்பட்டான் என்று நீலச் சட்டைக்காரர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

என் சித்தப்பா அந்தக் கடலில் இருந்தார். கிளம்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. இதை நான் இங்கே இதுவரை எழுதியதில்லை, எழுதும் எண்ணமும் இல்லை. ஆனால் பேராசை என்ற வார்த்தையைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

காற்றைவிட எஞ்சின் நின்றதுதான் தங்களைக் கவிழ்த்தது என்பார் அவர். எஞ்சின் ஓடுகிற வரை அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, அலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கலாம். நின்றுவிட்டால் படகு தானாகக் குறுக்கே திரும்பிவிடும். அப்புறம் அலை பக்கவாட்டில் அடிக்கும். போதாக்குறைக்குப் புயல் நகர நகரக் காற்றின் திசை மாறும். பழைய காற்று கிளப்பிய அலை ஒரு பக்கமிருந்தும் புதுக்காற்றின் அலை இன்னொரு பக்கமிருந்தும் வரும். "எதுக்கு நேரா மக்கா பிடிப்பே?" என்று கேட்பார். என்னிடம் பதில் இருக்காது. அவரிடமும் இல்லை.

கவிழ்ந்த பிறகு அவரும் பெரியப்பா மகனும் நங்கூரக் கயிற்றில் ஒரு துண்டை அறுத்து, இடுப்போடு இடுப்பாகக் கட்டிக்கொண்டு, இரண்டு வெற்றுக் கேன்களைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு கப்பல் எடுத்தபோது சித்தப்பா மட்டும்தான் இருந்தார். வீட்டுக்கு வந்து பத்து நாள் வரை விரல்கள் நிமிரவில்லை, டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் குடித்தார். இடுப்பில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் கயிற்றை யார் அவிழ்த்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை என்று எல்லாருக்கும் தெரியும். 10 என்றால் பெரும் அபாயம். 11 என்றால் அதைவிடப் பெரிய புயல் என்று நினைப்பீர்கள். இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கரையில் இருப்பவர்களுக்கு அது கடைசி எண். ஆழ்கடல் படகுக்கு, அன்றைக்கு, கரையை விட்ட முதல் நாளிலிருந்தே 11தான். இதற்கு மேல் எளிமையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும்.

"சாட்டிலைட் போன் வாங்கிவைக்க வேண்டியதுதானே?" இந்த நாட்டில் அரசு அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருந்தால் வழக்கு. அமேசானில் வாங்குகிற சாமான் இல்லை அது. ஒக்கிக்குப் பிறகு, செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்கும் எச்சரிக்கை கொண்டுவரும் இஸ்ரோவின் நாவிக் கருவி வந்தது, டிரான்ஸ்பாண்டர் வந்தது. நல்லதுதான், மனசார வரவேற்கிறேன். நூற்றுக்கணக்கான பேர் போன பிறகு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

"லைஃப் ஜாக்கெட் போடுவதில்லையே?" நியாயமான கேள்வி. போட வேண்டும். வலை இழுக்கும்போது போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது என்பார்கள், அதுவும் உண்மை. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

"சிலர் தெரிந்தேதான் போகிறார்கள்." போகிறார்கள். கரையோரத்தில் சின்ன வள்ளம் ஓட்டுகிறவர்களில் உண்டு. என் சொந்தத்திலேயே ஒருவர் கூண்டு ஏற்றியதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், திரும்பியும் வந்தார், வந்ததும் அவர் மனைவியிடம் வாங்கிய அடியைத் தெருவே பார்த்தது. ஆனால் அவரை வைத்து 150 மைலில் நிற்பவனையும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுவீர்களா? ஊரில் ஒருவன் ஹெல்மெட் போடாததற்கு ஊரையே திட்டுவீர்களா? இல்லை, அதையும் செய்வீர்கள், மறந்துவிட்டேன்.

2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினீர்கள். பயந்த அளவுக்கு மழை இல்லை. வானிலை மையத்தை வைத்து மீம் போட்டீர்கள். தப்பே இல்லை, நானும் சிரித்தேன். நானும் பால் பாக்கெட் ஆறு வாங்கி வைத்தவன்தான். உங்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள், ஏற்றி நிறுத்த மேம்பாலமும் இருந்தது. நடுக்கடலில் நிற்பவன் படகை எந்த மேம்பாலத்தில் ஏற்றுவான்?

எழுத எழுத வேறு எங்கோ போகிறது, போகட்டும். 2017 டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் எங்கள் சனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்பதைத் தவிர அவர்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. என் அம்மாவும் அங்கே இருந்தாள். வாழ்நாளில் அம்மா கலந்துகொண்ட ஒரே போராட்டம் அது. அன்றைக்கு என் அலுவலகத்தில் ஒருவர் தன் மாமியார் வருகிற ரயில் தாமதமாகிவிட்டது என்று அரை மணி நேரம் புலம்பினார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். "என் அம்மாவும் அந்தத் தண்டவாளத்தில்தான் இருக்கிறாள்" என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. இந்தப் பதிவின் பாதி, உண்மையைச் சொன்னால், நீலச் சட்டைக்காரருக்கு இல்லை. அன்றைக்கு வாயைத் திறக்காத எனக்கு.

அப்புறம் அந்த நிவாரணப் பேச்சு. "20 லட்சம் கொடுத்தாங்களே" என்று அதே விவாதத்தில் இன்னொருவர் நைசாகச் சேர்த்தார். கொடுத்தார்கள். பெரியம்மா அதில் வீட்டுக்கு ஓடு மாற்றவில்லை, நகை வாங்கவில்லை. படகுக் கடனில் மகன் பங்கை அடைத்தாள். அதற்குமேல் கணக்குக் கேட்கிறவர்கள் தயவுசெய்து என்னை நட்பிலிருந்து நீக்கிக்கொள்ளுங்கள், நானே நீக்கினால் மனசு கஷ்டப்படும்.

"உணர்ச்சிவசப்படுகிறீர்கள் தோழர்" என்று எழுதப் போகிறவருக்கு: ஆமாம்.

நேற்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். அந்தக் காணொளியை யாரோ புண்ணியவான் சித்தப்பாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இரண்டு தடவை பார்த்தாராம். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இவனுக்கு எந்த ஊருடே?" என்று மட்டும் கேட்டார்.

"மெட்ராஸ்தான் போல, சித்தப்பா" என்றேன்.

"அங்கயும் கடல் கெடக்கே மக்கா" என்றார்.