பெயர்ப்பலகையில் சின்ன எழுத்தில் இருப்பது

நேற்று ஒரு நண்பர் ஒரு பதிவைப் பகிர்ந்திருந்தார். நெதர்லாந்தில் 1900-ல் 1121 நகராட்சிகள் இருந்தனவாம், இப்போது வெறும் 342தானாம், ஊர்களை ஒன்றாகச் சேர்த்துச் செலவைக் குறைத்துவிட்டார்களாம், நிர்வாகம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று. கீழே ஏகப்பட்ட கைதட்டல். எண்ணிக்கை சரிதான். அந்தச் 'செலவைக் குறைத்து' என்ற இடத்தில்தான் எனக்கு மீன்முள் மாதிரி சிக்கிக்கொண்டது. அவருக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது, சரி, நம் சுவரிலேயே எழுதிவிடுவோம் என்று இங்கே வந்துவிட்டேன்.

நான் இருப்பது அந்த நாட்டின் கிழக்கு ஓரத்தில், கெல்டர்லாந்து மாகாணத்தில், ஆக்தர்ஹூக் என்கிற பகுதியில். பெயருக்குப் பொருளே 'பின்மூலை'. நீங்கள் படங்களில் பார்க்கும் கால்வாய், படகு, சுற்றுலாக் கூட்டம் எதுவும் இங்கே வராது. ஓக் மர வரிசை, பால் மாடு, மக்காச்சோள வயல், அதைத் தாண்டினால் ஜெர்மனி. பதினேழு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, பின்னால் ஒரு புகார் வருகிறது, அதனால்.

முதலில் ஒரு சொல். 'நகராட்சி' என்று நான் எழுதுவதை இங்கே 'ஹெமேன்ட' என்பார்கள். ஊராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி என்று நம் பக்கம் இருப்பது போன்ற படிநிலை இங்கே கிடையாது. ஆம்ஸ்டர்டாமும் ஹெமேன்டதான், வட கடலில் ஆயிரம் பேர்கூட இல்லாத ஸ்கீர்மொனிக்கோக் தீவும் ஹெமேன்டதான். இரண்டுக்கும் ஒரே சட்டம், ஏறக்குறைய ஒரே கடமைகள். எல்லாத் தலைவலியும் இங்கேதான் தொடங்குகிறது. அரசாங்கம் இருக்கிற டென் ஹாக்கில் உட்கார்ந்துகொண்டு ஒரு வேலையை 'இனிமேல் நகராட்சி பார்த்துக்கொள்ளும்' என்று இறக்கி வைத்தால் ஆம்ஸ்டர்டாமில் அதற்கு ஒரு துறை உருவாகும். எட்டாயிரம் பேர் உள்ள நகராட்சியில் ஏற்கனவே மூன்று வேலை பார்க்கிற ஒரு ஊழியரின் மேசையில் நான்காவதாக வந்து விழும்.

எங்கள் பகுதியில் பெரிய இணைப்பு நடந்தது 2005 ஜனவரி 1 அன்று. ஒரே நாளில் போர்குலோ, ஐபெர்கன், நேடே, ரூர்லோ நான்கும் சேர்ந்து பெர்கலாண்ட் ஆயின. ஹெங்கலோ, ஹுமலோ-கெப்பல், ஸ்டேண்டரன், ஃபோர்டன், செல்ஹெம் ஐந்தும் சேர்ந்து ப்ரோங்க்ஹோர்ஸ்ட். கெண்ட்ரிங்கனும் விஷும் சேர்ந்து ஔடே ஐசல்ஸ்ட்ரேக், அதாவது 'பழைய ஐசல் ஆற்றுப் பகுதி'. இப்படி ஒரு பெயரை யாராவது 'உங்களுக்கு எந்த ஊர்?' என்ற கேள்விக்குப் பதிலாகச் சொல்வார்களா? கால்பந்துப் பயிற்சியாளர் ஹூஸ் ஹிடிங்க் இந்தப் பக்கத்து வார்சஃபெல்ட் ஊர்க்காரர். 2002 உலகக் கோப்பையில் தென் கொரியாவை அரையிறுதி வரை கொண்டுபோன பிறகு கொரிய ரசிகர்கள் அந்த ஊரைத் தேடி வந்தார்கள். வார்சஃபெல்ட் எந்த நகராட்சியில் இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் கவலை இருந்திருக்காது.

பெயர்களில் பெரிய கூத்து க்ரூன்லோவும் லிக்டன்ஃபோர்டேயும் சேர்ந்தபோது நடந்தது. க்ரூன்லோ கோட்டை ஊர், 1627-ல் டச்சு இளவரசர் ஃப்ரெடரிக் ஹென்ட்ரிக் முற்றுகையிட்டுப் பிடித்த ஊர், க்ரோல்ஷ் பீர் பிறந்த ஊர், தன்னை நகரம் என்றே சொல்லிக்கொள்ளும். லிக்டன்ஃபோர்டேக்கு வேறு பெருமை, பூத்தேர் ஊர்வலம். இரண்டும் இணைந்ததும் நகராட்சிக்கு 'க்ரூன்லோ' என்று பெயர் வைத்து, அலுவலகத்தை லிக்டன்ஃபோர்டேயில் வைத்தார்கள். ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை. 2006 மே மாதம் பெயரை 'ஓஸ்ட் கெல்ரே' என்று மாற்றினார்கள். யாருக்கும் சொந்தமில்லாத பெயர் என்பதால் யாருக்கும் வருத்தமில்லை. இங்கே ஊர் எல்லையில் நீலப் பலகை இருக்கும், ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில், நகராட்சிப் பெயர் அதன் கீழே சின்ன எழுத்தில். மக்களின் மனசிலும் அதே அளவுதான்.

சரி, பெயரை விடுங்கள். டிங்க்ஸ்பெர்லோ என்று ஓர் எல்லையோர ஊர் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த ஊர். அங்கே ஒரு தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் நெதர்லாந்து, எதிர்ப்பக்கத்து வீடுகள் ஜெர்மனியின் சூடர்விக். தெருவுக்கு இந்தப் பக்கம் ஹேல்வெக் என்று பெயர், அந்தப் பக்கம் ஹெல்வெக். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1949-ல், நெதர்லாந்து இழப்பீடாகச் சூடர்விக்கின் ஒரு பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது, 1963 ஆகஸ்ட் 1 அன்று திருப்பிக் கொடுத்தது. (அதே நாளில் எல்டன் என்ற ஊரையும் கொடுத்தார்கள். முந்தின இரவே வெண்ணெயும் காப்பியும் ஏற்றிய லாரிகளை எல்டனில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நள்ளிரவில் எல்லைக்கோடு நகர்ந்ததும் சுங்கம் கட்டாமலே சரக்கை ஜெர்மனிக்குள் கொண்டுவந்துவிட்ட வியாபாரிகளின் கதை தனிப் பதிவுக்கு உரியது. 'வெண்ணெய் இரவு' என்றே பெயர் அதற்கு.)

இப்போது அந்த இரண்டு ஊரையும் சேர்த்து 'டிங்க்ஸ்பர்விக்' என்று சொல்கிறார்கள். தெருவைக் கடப்பதற்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் சூடர்விக்கை 1975-ல் ஜெர்மனியின் பெரிய இணைப்பில் போகோல்ட் நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள், டிங்க்ஸ்பெர்லோவை 2005-ல் ஆல்டனோடு சேர்த்துவிட்டார்கள். ஆக, ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கிற இரண்டு ஊர், தெருவில் ஒரு விஷயம் என்றால் ஒருவர் பத்து கிலோமீட்டர் இந்தத் திசையில் போக வேண்டும், இன்னொருவர் பத்து கிலோமீட்டர் அந்தத் திசையில் போக வேண்டும். எல்லை திறந்துவிட்டது, ஆனால் பேசி முடிவெடுக்கிற இடம் இரண்டு பக்கமும் தள்ளிப் போய்விட்டது. எனக்கு இது விசித்திரமாகவே படுகிறது.

'அலுவலகம் தூரம் போனால் என்ன, எத்தனை தடவை போகிறாய்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2014 முதல் பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குக் கொடுக்கிறார்கள், மற்றதெல்லாம் இணையத்தில் முடிகிறது. நானே கடைசியாக எப்போது போனேன் என்று நினைவில்லை. என் சண்டை கிலோமீட்டரோடு இல்லை, தலைக்கணக்கோடு. இங்கே மக்கள்தொகைக்கு ஏற்ப நகராட்சி மன்ற உறுப்பினர் எண்ணிக்கையைச் சட்டமே சொல்லிவிடுகிறது. எட்டாயிரம் பேர் உள்ள நகராட்சிக்கு 13 உறுப்பினர்கள். அப்படி நான்கு நகராட்சி என்றால் 52 பேர். நான்கையும் சேர்த்து 32 ஆயிரம் பேர் உள்ள ஒன்றாக்கினால் 23 பேர். 29 நாற்காலி அப்படியே காணாமல் போகிறது. ரொட்டிக் கடை வரிசையில், கால்பந்து மைதானத்து ஓரத்தில், பிள்ளையைப் பள்ளியில் விடும்போது பிடித்து நிறுத்திக் கேட்கக்கூடிய 29 ஆட்கள். மேயரை இங்கே மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் பரிந்துரைக்க அரசாணையில் நியமிக்கிறார்கள். அதனால் இந்த உறுப்பினர்களை விட்டால் ஊருக்கு வேறு வாய் இல்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நான் இந்த நாட்டில் முதன்முதலாக ஓட்டுப் போட்டது நகராட்சித் தேர்தலில்தான். குடியுரிமை இல்லாவிட்டாலும் ஐந்து வருடம் சட்டப்படி வசித்திருந்தால் அதற்கு ஓட்டு உண்டு, 1980களிலிருந்தே இருக்கிற உரிமை. நாடாளுமன்றத்துக்குப் போட முடியாது. போர்வை மாதிரி விரியும் ஓட்டுச் சீட்டையும் சிவப்புப் பென்சிலையும் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், பரம்பரை விவசாயி, முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்: "கட்சியைப் பார்க்காதே, பட்டியலில் நம் ஊர்க்காரன் எத்தனாவது இடத்தில் இருக்கிறான் என்று பார், அவனுக்குப் போடு." ஏழாவது இடத்தில் இருந்தார் நம் ஊர்க்காரர். போட்டேன். ஜெயிக்கவில்லை.

இனி அந்தச் 'செலவு'. க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் ஆலர்ஸ், கேர்ட்ஸெமா என்ற இரண்டு ஆய்வாளர்கள் பதினைந்து வருட இணைப்புகளை எடுத்து, இணைந்தவற்றையும் இணையாதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மொத்தச் செலவு குறைந்ததாக எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. யோசித்தால் புரியும். சின்ன நகராட்சியில் பாதி நேர வேலையாக இருந்தது பெரிய நகராட்சியில் ஒரு துறையாகிறது, துறைக்கு ஒரு மேலாளர், மேலாளருக்கு ஓர் ஆலோசகர். அது தப்பு என்றுகூடச் சொல்ல மாட்டேன், தரமான ஆள் வேண்டும்தானே. ஆனால் 'மிச்சம் பிடிக்கிறோம்' என்று சொல்லி அதைச் செய்யாதீர்கள்.

2012-ல் அமைந்த, அப்போதைய பிரதமர் ருட்டேயின் இரண்டாவது அமைச்சரவை இன்னும் ஒரு படி மேலே போய், நீண்டகாலத்தில் ஒரு நகராட்சிக்கு ஒரு லட்சம் பேராவது இருக்க வேண்டும் என்று கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதியது. அப்படிச் செய்திருந்தால் எங்கள் பகுதி முழுக்க மூன்றே நகராட்சி. அந்த எண்ணை அப்புறம் ஓசையில்லாமல் கைவிட்டார்கள். ஆனால் 2015-ல் இளையோர் பராமரிப்பு, வீட்டில் இருக்கும் முதியோருக்கான உதவி, மாற்றுத்திறனாளிகளுக்கான வேலை எல்லாவற்றையும் நகராட்சிகளின் தலையில் இறக்கினார்கள், அதுவும் அதுவரை செலவழித்ததைவிடக் குறைந்த பணத்தோடு. 'மக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் செய்தால் சரியாகச் செய்வார்கள்' என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்தப் பாரம் தாங்காமல் சின்ன நகராட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அதனால் மக்களைவிட்டுத் தள்ளிப் போயின. இதில் சிரிப்பதா அழுவதா? இணைந்த பிறகும் குப்பை, சுகாதாரம், தீயணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பல நகராட்சிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டமைப்பு இருக்கத்தான் செய்கிறது, அதற்குள் நம் உறுப்பினர் எட்டிப் பார்க்கக்கூட முடிவதில்லை.

பள்ளிக்கூடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பள்ளியில் இத்தனை பிள்ளைகளுக்குக் கீழே போனால் மூடலாம் என்று ஓர் எண் உண்டு, குறைந்தபட்சம் 23. அது நாடு முழுக்க ஒரே எண் இல்லை, நகராட்சியின் பிள்ளை அடர்த்தியை வைத்துக் கணக்கிடுவது. அதாவது பரந்து கிடக்கிற ஒரு கிராம நகராட்சியை நெருக்கமான ஒரு டவுனோடு சேர்த்தால், கிராமத்தில் ஒரு பிள்ளைகூடக் குறையாமலே பள்ளிக்கான தேவை எண் ஏறிவிடக்கூடும். இதைச் சரிக்கட்டப் பிறகு வழிகள் வைத்தார்கள் என்பது வேறு. ஆனால் இணைப்பைப் பற்றி ஊர்க்கூட்டம் போட்டபோது எத்தனை பேர் இதை எழுந்து கேட்டிருப்பார்கள்?

பழைய நகராட்சி சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. பெரியவரே சொல்வார், அந்தக் காலத்தில் மன்றத்து ஆளுக்கு மைத்துனனாக இருந்தால் கொட்டகை கட்ட அனுமதி ஒரு வாரத்தில் கிடைக்கும், இல்லாவிட்டால் ஒரு வருடம் ஆகும் என்று. கட்டட அனுமதி பார்க்கிறவருக்குக் காய்ச்சல் வந்தால் ஊரில் யாரும் வீடு கட்ட முடியாது. மறுபடி உடைத்துப் பழையபடி ஆக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஊர் மன்றம் என்று ஒன்று இருக்கிறதே, 'டோர்ப்ஸ்ராட்', அதற்கு இன்று ஆலோசனை சொல்ல மட்டும்தான் முடியும். தெருவிளக்கு, நடைபாதை, விளையாட்டுத் திடல் என்று நான்கைந்து விஷயத்திலாவது அதன் கையில் பணத்தையும் முடிவையும் கொடுங்கள் என்கிறேன்.

தெருவிளக்கு என்றதும் என் புகார். போன அக்டோபரில் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பாதையில் மூன்று விளக்கு அணைந்துவிட்டது. இங்கே குளிர்காலத்தில் காலை எட்டரை வரை இருட்டு. செயலியில் பதிவு செய்தேன், எண் வந்தது, ஒரு வாரத்தில் 'சரிசெய்யப்பட்டது' என்று பதிலும் வந்தது. வெளியே போய்ப் பார்த்தால் அதே இருட்டு. தொலைபேசியில் கேட்டேன். அந்தப் பெண்மணி மிகவும் அன்பாகப் பேசினார், "எங்கள் ஆள் வந்து பார்த்தார், எல்லாம் எரிகிறதே" என்றார். அப்புறம்தான் விளங்கியது. எங்கள் தெருவின் பெயர் சர்ச் தெரு. இணைப்பில் சேர்ந்த ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு சர்ச் உண்டு, ஒரு சர்ச் தெருவும் உண்டு. அவர் பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சர்ச் தெருவுக்குப் போய், பளிச்சென்று எரிகிற விளக்குகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். மறுநாள் சாயங்காலம் தன் வேலித் தூணில் சூரிய ஒளி விளக்கு இரண்டைக் கட்டிவிட்டார், கூடவே என் வீட்டு வேலிக்கும் ஒன்று. இதற்கு இங்கே 'நோபர்ஸ்காப்' என்பார்கள், அக்கம்பக்கத்துக் கடமை, சாவு விழுந்தாலும் கல்யாணம் வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன்தான் முதலில் வந்து நிற்க வேண்டும் என்கிற வழக்கம். அரசியல்வாதிகளுக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும், நீச்சல் குளத்தையும் நூலகத்தையும் தன்னார்வலர்களிடம் தள்ளும்போதெல்லாம் பேச்சில் வந்துவிடும்.

டிசம்பர் கடைசியில் சரியான சர்ச் தெருவுக்கு ஆள் வந்தார். மூன்றில் இரண்டு எரிகிறது. மூன்றாவதற்குப் புது எண் கொடுத்திருக்கிறார்கள்.